ஈரத்தலைத் தீர்மானம்

சங்கரேஸ்வரி: முக்கா மணி நேரம்லே! ஐந்தருவியப் பத்தி முக்கா மணி நேரம்!

முத்துச்செல்வம்: பழைய குற்றாலத்துக்கு நான் வரவே இல்ல. அதுக்குள்ள நீ எந்திச்சிட்ட.

சங்கரேஸ்வரி: நான் கேட்டது என்ன? காலேஜ நாலு மணிக்கு விடுங்க, சிவகிரி பஸ்ஸப் பிடிக்கணும்னு. அதுல அருவி எங்கன வந்துச்சு?

முத்துச்செல்வம்: மாதிரி சட்டமன்றத்துல சீட்டுக் குலுக்கி எனக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி விழுந்துட்டு. எதிர்த்தேன்.

சங்கரேஸ்வரி: எந்த எண்ணெயத் தேச்சுக் குளிக்கணும்னு சொல்லுததா எதிர்க்கிறது?

முத்துச்செல்வம்: அது நாட்டு நலன். சபாநாயகர் உமாராணியே ரெண்டு தடவ மணியடிக்கப் போனா... என் பேச்சுல மயங்கி கைய எடுத்துட்டா.

சங்கரேஸ்வரி: ம்... மயங்கினா. ஓட்டெடுக்காம நேரம் முடிஞ்சிருந்தா என் கதி என்ன? எங்கப்பா சொன்னது தெரியும்லா?

முத்துச்செல்வம்: தெரியும். "இப்படியே இருட்டுன பொறவு வீடு வந்தா... இந்த வருசத்தோட படிப்பு போதும்"னாரு.

சங்கரேஸ்வரி: தீர்மானம் நிறைவேறினா அமல்படுத்துதேன்னு பிரின்சிபால் மேடையிலயே சொல்லிட்டாரு. எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்.

முத்துச்செல்வம்: ஆனா ஏட்டி, நீ எந்திச்ச அழகு இருக்கே! "பேரவைத் தலைவர் அவர்களே, விவாதம் போதும். வாக்கெடுப்புக்கு விடுங்க"... நான் தொறந்த வாய மூடல.

சங்கரேஸ்வரி: விவாதத்த முடிக்கச் சொன்னா, அதும்மேல விவாதம் கிடையாது. உடனே ஓட்டுதான். விதி அது.

முத்துச்செல்வம்: எங்க கட்சியில ஒருத்தனுக்கும் அது தெரியாது. நானே கை தட்டிட்டேன்.

சங்கரேஸ்வரி: பாத்தேன். கட்சிக்காரன் எல்லாம் உன்ன மொறைச்சான்.

முத்துச்செல்வம்: மொறைக்கட்டும். ரெண்டே ஓட்டுல ஜெயிச்சிருக்க, தெரியும்லா? கொஞ்சம் முந்தி ஓட்டு விட்டிருந்தா தோத்திருப்ப.

சங்கரேஸ்வரி: ஏன் தோக்கேன்?

முத்துச்செல்வம்: உன் கட்சி சுபாஷும் இன்னும் மூணு பேரும் எங்கன போனானுவ? குற்றாலத்துல தண்ணி நல்லா விழுதுன்னு எவனோ ஸ்டேட்டஸ் போட்டான். பொறவு எவன் சட்டமன்றத்துல இருப்பான்?

சங்கரேஸ்வரி: அது... நீ எப்படிக் கண்டே?

முத்துச்செல்வம்: எனக்கு நேர் எதிர்ல நாலு நாற்காலி காலி. அதான்... அவனுவ திரும்பி வாற வரைக்கும் அருவி அருவியாப் போனேன்.

சங்கரேஸ்வரி: எனக்காகவாலே?

முத்துச்செல்வம்: ச்சே... நீ காலேஜ விட்டு நின்னுட்டா எனக்கு எவ நோட்ஸ் தருவா?

சங்கரேஸ்வரி: ஓகோ, நோட்ஸுக்காக!

முத்துச்செல்வம்: என்ன சிரிக்க? பஸ் வந்துட்டு, ஏறு.

சங்கரேஸ்வரி: ஏறுதேன். ஏலே... உமாராணி ஒண்ணும் மயங்கல. மணியத் தொட்டப்பல்லாம் "பேசட்டும், விடு"ன்னு கண்ணக் காட்டினது நான்தான். பின்வாசல்ல நாலாவது ஈரத்தலை நுழைஞ்ச பொறவுதான் எந்திச்சேன்.