அஞ்சு மணிவரைக்கும் நேரம் இருக்கு

கடற்கரையில் வாடகைக்கு வீடு எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கடலை இல்லை, அடுப்பை. ஆக்கிப் போட ஆள் கிடையாது, நாமே சமைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் அந்த வீடுகளைக் கொடுக்கிறார்கள். லுமுட் பக்கம் நாங்கள் எடுத்த வீட்டில் அடுப்பு நன்றாக எரிந்தது. கேஸ் தோங்கை, அந்தச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், நிறைய இருந்தது. கத்திதான் மொக்கை. அது தெரிந்துதான் என் வீட்டுக் கத்தியைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கத்தியைப் பற்றி நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா. அதில் மீன் மட்டும்தான் வெட்டினேன்.

இதை நானே தமிழில் எழுதித் தருகிறேன். நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் மலாயில் தட்டினால், என்ன தட்டினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சிலிம் ரிவர் பக்கத்தில் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை போனேன். தமிழ் எழுதப் படிக்க வரும். மலாய் பேசுவேன், படிக்க வராது.

பெயர் பத்துமலை. வயது எழுபத்து நாலு. தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டினவன். பெண்டாட்டி இருளாயி போய் ஆறு வருடம் ஆகிறது. ஈப்போவில் ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். செத்துப்போனவர் கதிரவேலு. எங்கள் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவர், கணக்கும் கடிதமும் பார்ப்பவர். யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய அப்பாவும் அதே ஆபீசில் பெரிய கிராணி. தோட்டத்தை விற்ற பிறகு அவரும் ஈப்போவுக்குத்தான் வந்தார். அவருக்கும் மனைவி இல்லை. புதன்கிழமை தவறாமல் பழைய புரோட்டோன் காரை ஓட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருவார்.

தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார், படித்தும் சொல்வார். தோட்டம் போய் முப்பது வருடம் ஆகியும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கு வரும் அரசாங்கக் கடிதங்களுக்கு அவர் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். ஃபிளாட்டின் தபால் பெட்டியை நம்ப முடியாது. கிராணியையும் நம்ப முடியாதுதான். பெட்டிக்கு அவர் பரவாயில்லை.

லீவு அவருடைய யோசனை.

"வாரும் பத்துமலை, ரெண்டு ராத்திரி கடற்கரையில தங்கிட்டு வருவம். நாங்களே சமைச்சுச் சாப்பிடலாம்."

"யாரு சமைக்கிறது, நீங்களா?"

"நீர் சமையும், நான் சாப்பிடுறன். வேலையைப் பிரிச்சுத்தானே செய்யோணும்."

சாமான் வாங்கும்போது ரவை, சீனி, நெய், முந்திரி எல்லாம் எடுத்துக் கூடையில் போட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் சக்கரை வியாதி. கேசரி யாருக்கு என்று கேட்டேன்.

"ரெண்டாம் நாள் தேத்தண்ணிக்குச் சொல்றன்," என்றார்.

முதல் நாள் நன்றாகப் போனது. தெங்கிரி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். சாயங்காலம் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. சின்ன அலை ஒன்று வந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில்தான் எனக்கு முதல் கடல் லீவு. சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

ஒன்றே ஒன்றுதான் கசப்பு. சாவி வாங்கும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மலாய் அம்மா அடையாள அட்டை கேட்டார். அவருடையது நீலம், என்னுடையது சிவப்பு. அந்த அம்மா என் அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டார். கிராணிதான் மலாயில் பதில் சொன்னார். இவரைவிட இந்த நாட்டுக்காரன் யார், இவரைக் கேட்டுத்தான் ரப்பர் மரமே பால் விட்டது என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அம்மா, நீங்கள் சின்ன வயது. சிவப்பு அட்டை என்றால் இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்தும் குடிமகன் இல்லை என்று அர்த்தம். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது தோட்டத்தில் எல்லோரும் குடியுரிமை விண்ணப்பப் பாரத்தில் கைநாட்டு வைத்துப் பெரிய கிராணியிடம் கொடுத்தார்கள். லயத்து வரிசையில் எல்லா வீட்டுக்கும் பதில் வந்தது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பெரிய கிராணி பாரத்தை அனுப்பவே இல்லை என்று சாகும்வரை என் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இருளாயியும் சிவப்பு அட்டையோடுதான் போனாள். அவள் மரணப் பத்திரத்திலும் குடிமகள் இல்லை என்றுதான் போட்டிருக்கிறது. கிராணி படித்துச் சொன்னார். என் பத்திரத்தில் அப்படி இருக்கக்கூடாது. இந்த வயதில் நான் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கிராணி தானாகவே என் காகிதங்களை எல்லாம் வாங்கிக்கொண்டார். படம் எடுக்க வைத்தார். பதிவு இலாகாவுக்கு ஏழு தடவை கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் எனக்குப் பதிலாக அவர் நிற்பார், நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "இன்னும் வரேல்ல, வரும்" என்பார்.

இரண்டாம் நாள் காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கிராணி தன் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். எடுக்கப் போனேன். கண்ணாடிக்கு அடியில் பழுப்பு உறை ஒன்று, அரசாங்க முத்திரை போட்டது. பிரித்திருந்தது. உள்ளே இருந்த தாளில் என் பெயர். இங்கிலீஷ் எழுத்தில் என் பெயர் எனக்குத் தெரியும். அட்டை நம்பரும் தெரியும். தேதி இரண்டு வாரத்துக்கு முந்தியது. அதற்குப் பிறகு வந்த இரண்டு புதன்கிழமையும் அவர் "இன்னும் வரேல்ல" என்றுதான் சொன்னார்.

உறையை இருந்த மாதிரியே வைத்தேன். கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோசை கொஞ்சம் கருகிவிட்டது. கருகினதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் அவரிடமே கேட்கவில்லை என்று நேற்று கேட்டீர்கள். கேட்டால் அவர்தானே படித்துச் சொல்ல வேண்டும்? தாளில் ஒன்று இருந்து அவர் வேறொன்று சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்? அப்பன் செய்ததை மகனும் செய்கிறான் என்பது தெரிந்துபோன பிறகு கேட்க ஒன்றும் இல்லை.

அந்த வீட்டுக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் வற்றினால் மணலில் நடந்தே போகலாம், மட்டிச் சிப்பி பொறுக்கலாம். காலையில் கிராணி குளிக்கும்போது அந்த மலாய் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள், அதற்குப் பிறகு தண்ணீர் வேகமாக ஏறிப் பாறையையே மூடிவிடும் என்றார். கிராணி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, என்ன சொன்னா என்று கேட்டார்.

"மட்டி நிறைய கிடைக்குமாம். அஞ்சு மணிவரைக்கும் நேரம் இருக்கு," என்றேன்.

ஒரு மணிக்குப் பிறகு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு முட்டி வலி. பாறையில் உயரமாக, உட்கார வாகான இடமாகப் பார்த்துத் துண்டை விரித்தேன். ஈரத்தில் தடி வழுக்கும் என்று தடியை வாங்கிக்கொண்டேன். உப்புத் தண்ணீர் பட்டால் கைப்பேசி கெட்டுவிடும் என்று அதையும் வாங்கிக்கொண்டேன். இரண்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

"நீர் எங்க போறீர்?"

"சும்மா எத்தனை நேரம் நிக்கிறதுலா? நீங்க பொறுக்குங்க. நான் போயி கேசரி கிண்டி வச்சிட்டு வாரேன்."

"கேசரியா?" என்று என் முகத்தையே பார்த்தார். "பையைத் திறக்கேக்க பாத்திட்டீரா? விசயம் தெரிஞ்சு போச்சா?"

"தெரிஞ்சு போச்சு."

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கள்ளன்! நான் இவ்வளவு நாளா வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறன். அப்ப கொஞ்சம் சிரியுமன் காணும்," என்றார். சிரித்தேன். என்னிடம் மறைத்துவிட்டு என்னையே சிரிக்கச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

சமையல்கட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் பாறை நேராகத் தெரியும். இரண்டரைக்கு மணல் மறைந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், காற்று இந்தப் பக்கம் அடித்ததால் நன்றாகக் கேட்டது. கை அசைத்தார். நானும் ஜன்னலில் இருந்து கை அசைத்தேன். பிறகு இரண்டு கையையும் தூக்கி அசைத்தார். ரவையைக் கொட்டின பிறகு கிண்டுகிற கையை எடுக்கக்கூடாது, கட்டி விழுந்துவிடும். அதனால் பதிலுக்கு அசைக்க முடியவில்லை. மூன்றேகாலுக்கு நிமிர்ந்து பார்த்தபோது பாறையும் இல்லை, அவரும் இல்லை. கேசரி நன்றாக வந்திருந்தது.

போகும்போது பாத்திரம் கழுவி வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் சட்டம். கழுவிக் கவிழ்த்தேன், அடுப்பையும் துடைத்தேன். நாலு மணிக்கு மலாய் அம்மா வந்து இன்னொருத்தர் எங்கே என்று கேட்டார். மட்டி பொறுக்கப் போனார் என்றேன். பொய் இல்லை. அந்த அம்மாதான் கத்திக்கொண்டு ஓடினார்.

நான் அவரைத் தள்ளவில்லை, பாறையில் உட்கார வைத்த பிறகு தொடக்கூட இல்லை. ஆனால் சட்டத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன். இரண்டு மணி என்று தெரிந்து ஐந்து மணி என்று சொன்னேன். நடக்க முடியாதவரின் தடியை வாங்கினேன், கைப்பேசியை வாங்கினேன், கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கதிரவேலுவைக் கொன்றது நான்தான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கைநாட்டு இல்லை.

இனி அந்தப் பழுப்பு உறை. நீங்கள் அதை மூன்று தடவை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். குடியுரிமை கிடைத்துவிட்டதாம். அடுத்த வாரம் வந்து நீல அட்டைக்குக் கைரேகை கொடுக்க வேண்டுமாம். இந்தச் சங்கதியைச் சொல்லத்தான் அவர் கேசரிச் சாமான் வாங்கினார் என்கிறீர்கள். மூன்றாவது தடவை படிக்கும்போது உங்கள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உங்கள் சார்ஜண்டும் படித்துவிட்டு அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டும் சொல்லலாம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. நீங்கள் படித்ததை என்னால் நம்ப முடியாது. ஐம்பது வருடமாக எனக்கு வந்த கடிதத்தை எல்லாம் ஒரே ஆள்தான் படித்துச் சொல்லியிருக்கிறார். கிராணி படித்துச் சொன்னால்தான் நான் நம்புவேன்.