டேப்பின் மறுமுனை

மாலை ஆறரை இருக்கும். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஊரைத் தாண்டிப் போகும் சாலை... ஒரு பக்கம் பூட்டிக் கிடந்த கிடங்குகள். மறுபக்கம் அந்தப் புல்வெளி. நடுவில் ஒரே ஒரு வேன்.

இது எனக்கு நடந்ததல்ல. என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. அவர் சர்வேயர்.

முதலில் அந்தப் புல்வெளியைச் சொல்ல வேண்டும். போருக்குப் போன அந்த ஊர்ப் பையன்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. கல் நட மனமில்லாத அம்மாக்கள் ஒரு நிலத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். இது அவர்களுடைய இடம், இதில் எதுவும் கட்டக் கூடாது, பிள்ளைகள் ஓடி விளையாடினால் போதும் என்று. நகராட்சியும் வாக்குக் கொடுத்தது. கடைசி அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே வண்டி நிறுத்தும் கட்டடம் வரப்போகிறது என்றார்கள். சர்வேயர் அளந்து கொடுத்துவிட்டால் காலையில் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

பகலில் போனால் ஊர்க்காரர்கள் மறிப்பார்கள். அதனால்தான் அந்த நேரம்.

கூடப் போன உதவியாளைக் குச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆள் அவ்வளவு ஒல்லி.

"அண்ணே, இதுல போயி கை வைக்கணுமா? பாவம்ணே."

"யாருடா இருக்கா இங்க? ஒரு எலும்புகூடக் கிடையாது, வெறும் புல்லு. போய் டேப்பு முனையப் பிடி. பனியோட பனியாப் பறந்துடாத."

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கத்தினால் ஊருக்குக் கேட்கும். அதனால் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்திருப்பவன், தயாரானதும் அதை இரண்டு முறை சுண்டுவான். இவர் டார்ச் வெளிச்சத்தில் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஆளைப் பார்க்கவே தேவையில்லை.

டேப் விறைத்தது. விண்... விண்.

குறித்துக்கொண்டார். அடுத்த பக்கம். விண்... விண்.

ஏதோ வாடை அடித்தது. நனைந்த கம்பளி... அதோடு கருகிய வெடிமருந்து. பயல் எதையோ புகைக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

நாலு பக்கமும் முடிந்தது. "போதும்டா, விடு" என்றார் மெதுவாக.

விடவில்லை.

இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது. ஒரு ஆளின் பலம் இல்லை அது.

அப்போது முதுகுக்குப் பின்னால்... இருமல்.

"அண்ணே, எல்லைக்கு அடிக்கிற முளைக்குச்சிய வேன்லயே விட்டுட்டேன். வேன் பூட்டியிருக்கு. நீங்க வருவீங்கன்னு அங்கயே நின்னேன். சாவியக் குடுங்க, இனிமேதான் அளக்கணும்."

சர்வேயர் கையிலிருந்த டேப் மெல்ல, பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஆனால் அளவுகள் கையில் இருந்தன அல்லவா? பிள்ளைகுட்டிக்காரர். வேலை போய்விடும். கொடுத்துவிட்டார்.

கட்டடம் வந்துவிட்டது. "அங்க பேய் நடமாடுதா?" என்று நண்பனிடம் கேட்டேன். இல்லையாம். ஒரு தொந்தரவும் இல்லையாம். காவலாளி குறட்டை விட்டுத் தூங்குகிறாராம்.

நெடுநேரம் யோசித்தேன்... எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஏனென்றால் முதல் லாரி மண்ணோடு போன அன்றைக்கு ராத்திரிதான் சர்வேயரின் மனைவி அவரை எழுப்பியிருக்கிறாள். "ஏங்க, போர்வைய இழுக்காதீங்க, குளிருது."

அவர் கை இரண்டும் தலைக்குக் கீழே இருந்தன. போர்வை கால்மாட்டுப் பக்கம் விறைத்து நின்றது. அறையெல்லாம் நனைந்த கம்பளி வாடை.

விண்... விண்.

வீடு மாற்றிப் பார்த்தார். பெரிய வீடுதான்.

போன வாரம் அவருடைய சின்ன மகள், பல் துலக்கிக்கொண்டே கேட்டாளாம்:

"அப்பா, அந்த அண்ணனுங்க எல்லாரும் ஏன் நின்னுக்கிட்டே இருக்காங்க? அவங்க படுக்க நம்ம வீட்டுல எடம் இல்லையா?"