லீவர் மேல் பாதிக் கோடு

மணி சாயங்காலம் ஆறே முக்கால். கோரமண்டலுக்குப் பின்னால், தங்கம் எடுத்துக் கொட்டிய சயனைடு மண் மேட்டை ஒட்டி ஒரு ரோடு இறங்கும். பழைய மைன்ஸ் ஷாஃப்ட்டின் குழியைச் சுற்றிப் போட்ட வேலியில் போய் முடியும். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் நாய்கூடத் தனியாகப் போகாது…

அன்றைக்கு அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. மூக்கு ஷாஃப்ட் பக்கம். உள்ளே ரெண்டு பேர்.

ஒருத்தன் நம்ம ஷைலாவோட அண்ணன் எல்வின். பிரேக் வேலை பார்க்கிறானே, அவன்தான். ஷைலாவே சொன்னது. அதனால் யாரும் சிரிக்கக் கூடாது. அந்த ஜன்னலை மட்டும் சாத்துங்க.

இன்னொருத்தர் டென்சில் அங்கிள். மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும் வீட்டு கேட்டில் ‘வைண்டிங் இன்ஜின் டிரைவர்’ என்று பித்தளைப் பலகை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஷாஃப்டுக்குள் இறக்கும் மெஷினை ஓட்டியவர். ஹாலில் ஹெல்மெட்டுக்குத் தனியாக ஒரு லைட். காரின் பின் கண்ணாடியில் ‘இந்த வண்டி ஆண்டவர் கையில்’ என்று பெரிய எழுத்து. ஹேண்ட்பிரேக் மட்டும் யார் கையிலும் நிற்கவில்லை. லீவரைத் தூக்கினால் கட், கட் என்று பதினோரு கட்டை ஏறும்; நல்ல பிரேக்குக்கு அஞ்சு போதும். அப்படியும் வண்டி நழுவும்.

எல்வினுடைய அப்பா சைலஸ், அதே வைண்டிங் இன்ஜினுக்கு பிரேக் ஃபிட்டராக இருந்தவர். பிரேக் நட்டை முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரைக்கும் நேராக ஒரு சாக்பீஸ் கோடு போடுவார். ஓரத்தில் ‘எஸ்’ என்று ஒரு எழுத்து. நட்டு நூலளவு திரும்பினாலும் கோடு ரெண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், டென்சில் ஓட்டிய ஒரு ஷிஃப்டில், கேஜ் நிற்கவேண்டிய லெவலில் நிற்கவில்லை. ஷாஃப்ட்டின் அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீரில் போய் இறங்கியது. ரெண்டு பேர் போய்விட்டார்கள். ஆபீசர்கள் வந்து பார்த்தபோது கோடு பிரிந்திருந்தது. நட்டு லூஸ். சைலஸுக்கு வேலை போனது. அடுத்த வருஷம் ஆளும் போனார். ‘லூஸ் நட்டு சைலஸ்’ என்ற பேர் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்வினை ‘லூஸ் நட்டு மகனே’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்காகவே அவன் பிரேக் வேலை கற்றுக்கொண்டான். அப்பா மாதிரியே கோடு போடுவான். எழுத்து மட்டும் ‘ஈ’.

டென்சில் பெரிய மனசுக்காரர். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக் கொண்டுவந்து கொடுப்பார். “உங்கப்பன் பண்ணதை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் மேன்” என்பார். எல்வின் கேக்கையும் மன்னிப்பையும் ரெண்டு கையால் வாங்கிக்கொள்வான். அங்கிளை அப்பா ஸ்தானத்தில்தான் வைத்திருந்தான்.

அப்படிப்பட்டவருடைய வண்டி. அவசரக்காரன் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டி அனுப்பிவிடுவான். எல்வின் பின்சக்கரங்களைக் கழற்றி, டிரம்முக்குள் பிரேக் ஷூவைச் சரிசெய்து, அப்புறம்தான் கேபிள் நட்டைத் தொட்டான். பதினோரு கட்டை அஞ்சாகக் குறைந்தது. கோடு போட்டு அனுப்பினான். மறுநாள் காலையில் கார் தானாக நகர்ந்து கேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. திரும்பச் செய்தான். திரும்ப நகர்ந்தது. மூணாவது தடவை டென்சில் சர்ச் வாசலிலேயே கத்தினார்.

“அப்பன் கை அப்படியே புள்ளைக்கு வந்துகிது! இவன்கிட்ட வண்டி குடுக்காதீங்க!”

அன்றைக்கே ரெண்டு பேர் எல்வின் கடையிலிருந்து தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

“வாங்க அங்கிள், செங்குத்தா இறங்குற ரோட்டுலயே நிறுத்திக் காட்டறேன்” என்றான் எல்வின். அப்படித்தான் அங்கே வந்து நின்றார்கள்.

எல்வின் லீவரை இழுத்தான். கட், கட், கட், கட், கட். அஞ்சு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி அசையவில்லை. லீவருக்கு அடியில் ரப்பர் உறையைத் தூக்கி டார்ச் அடித்தான்.

“பாருங்க அங்கிள். கோடு பிரியவே இல்ல. நட்டு டைட்டாதான் கீது.”

டென்சில் குனிந்து பார்த்தார். “மூடு மேன்” என்றார். குரல் அவர் குரலாக இல்லை.

அப்போதுதான் எல்வினும் பார்த்தான். கோட்டின் ஓரத்தில் ‘ஈ’ இல்லை… ‘எஸ்’.

வாசனை வந்தது. ஈரக் கல், வெடிமருந்துப் புகை, பழைய கிரீஸ். அப்புறம் லீவர்… யாரும் தொடாமல்… மேலே ஏறியது.

கட்… கட்… கட்…

மைன்ஸ்காரன் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? மூணு தடவை சிக்னல் மணி அடித்தால் கேஜில் ஆள் ஏறியாச்சு. பின்சீட் ஸ்பிரிங் கிறீச்சென்று அமுங்கியது. ஒரு தடவை… இன்னொரு தடவை.

கட்… கட்…

ரெண்டு. இறக்கு.

லீவர் தொப்பென்று கீழே விழுந்தது. வண்டி உருண்டது. எல்வின் கால் பிரேக்கை மிதித்தான். பாறையை மிதித்த மாதிரி இருந்தது. டென்சில் ரெண்டு கையாலும் லீவரைப் பிடித்து இழுத்தார். வேலி இருபதடி… பத்தடி…

“சைலஸ்! நட்டு டைட்டாதான்டா இருந்துச்சு! நான்தான் தூங்கிட்டேன்! ஆபீசருங்க வர்றதுக்குள்ள ஸ்பேனர் போட்டு நான்தான் லூஸ் பண்ணேன்! விட்டுடுடா!”

கட்.

ஒண்ணு. நிறுத்து.

பம்பர் வேலிக் கம்பியைத் தொட்டுக்கொண்டு வண்டி நின்றது. எல்வினுக்கு இருபத்தேழு கிறிஸ்மஸ் கேக்கும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்த மாதிரி இருந்தது.

“சர்ச்சுல எல்லார் எதிர்லயும் இதைச் சொல்லுவீங்களா அங்கிள்?”

“ஞாயித்துக்கிழமையே சொல்றேன் மேன். பைபிள் மேல சத்தியம்.”

ஞாயிற்றுக்கிழமை எல்வின் அம்மா ஐடாவைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தான். டென்சில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சாட்சி சொல்ல எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“ஒரு லூஸ் பிரேக்கால சாவோட வாசல் வரைக்கும் போனேன். ஆண்டவர் தடுத்தார். அந்த மெக்கானிக்கையும் மன்னிச்சிட்டேன்… அவன் அப்பனையும் மன்னிச்சிட்டேன்.”

சபை முழுக்க அல்லேலூயா. ஐடா மட்டும் எழுந்தாள். “வாடா, வூட்டுக்குப் போலாம்” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே டென்சிலிடமிருந்து போன். “சீக்கிரம் வா மேன்.”

கார் போர்ட்டிகோவில் நின்றது. டென்சில் டிரைவர் சீட்டில் இருந்தார். இடது கை லீவர் மேல். அதே கோட்டு சூட்டு, வேர்வையில் ஊறிப்போய். லீவரில் தொடங்கி அவர் புறங்கை வரைக்கும் நேராக ஒரு சாக்பீஸ் கோடு. ஓரத்தில் ‘எஸ்’.

“தண்ணி ஊத்திக் கழுவினாலும் திரும்ப வருது மேன். கையை எடுத்தா கோடு பிரிஞ்சிடும்… உங்கப்பன்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு.”

எல்வின் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தான். அப்பா கை. ஒரு நெளிவு கிடையாது.

“உங்களுக்குச் சொல்றதுக்குக் காலையில மைக்கே குடுத்தாங்களே அங்கிள்.”

திரும்பி நடந்தான். பின்னால் கட்… கட்… கட்… அவன் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது இன்னும் ரெண்டு.

காலையில் பார்த்தால் கார் போர்ட்டிகோவிலேயே இருந்தது. ஒரு அங்குலம் நகரவில்லை. நாலு கதவும் உள்ளே பூட்டு. ஹேண்ட்பிரேக் கணக்காக அஞ்சு கட்டையில், இரும்பு மாதிரி. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ, அதில் கறுப்புத் தண்ணீர். டென்சில் இல்லை.

போலீஸ் பங்காருபேட்டை ரயில் ஸ்டேஷன் வரைக்கும் தேடியது. தரைக்கு மேலே எல்லா இடத்திலும் தேடிவிட்டார்கள்.

லீவர் மேல் கோடு அப்படியே இருக்கிறதாம். பாதிதான். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை…