மழையில் காத்த பிள்ளை

"புல்லுப் பூ மூச்சை அடைக்குமா? நாலெழுத்துப் படிச்சதும் பேச்சப் பாரு!" என்று மாமா ஒருமுறை என்னைக் கேலி செய்தார்.

நேற்று சித்தூரிலிருந்து வரும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "மழையில காப்பாத்துன புள்ளைய வெயில்ல பறிகுடுத்துட்டேனுங்க."

"எப்படிங்க?"

"மூச்சிழுப்புக்காரி. ஈரம் ஆகாதுன்னு மழை முச்சூடும் ஊட்டுக்குள்ளயே வெச்சிருந்தேன். வெயிலும் காத்தும் வந்ததும் புல்லறுக்க அனுப்பினேன். வரப்பெல்லாம் புல்லு பூத்துக் கெடந்துச்சு. அங்கயே மூச்சு நின்னுருச்சு. உள்ளுக்குள்ள ஈரம் தங்கிருச்சுன்னாங்க."

"இப்ப மாட்டுக்கு ஆரு அறுக்கறா?"

"சின்னவதானுங்க. அவளுக்கும் தும்மல். வெயில் பட்டாச் செரியாயிரும்னு இன்னிக்கு அனுப்பிட்டுத்தான் வந்தேன்."

எருத்தேன்பதியில் அவள் இறங்கினாள். என் ஊர் இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளி. நானும் இறங்கிவிட்டேன்.