சன்னலோர நாற்காலியே வேணுமாம்

அதேதான் வேணுமா? பாத்தீங்களா, நீங்களும்! வர்றவங்க அத்தன பேரும் அதையேதான் கேக்குறாங்கம்மா. இந்த அறையில எத்தன சக்கர நாற்காலி நிக்குது பாருங்க. மடிக்கிறது, மடிக்காதது, பின்னால சாயிறது, கைப்பிடி கழட்டுறது... டாக்டரப் பாக்க டோக்கன் வாங்குனவங்க மாதிரி வரிசையா காத்துக்கிட்டு இருக்குதுங்க. ஒருத்தர் கண்ணும் இதுங்க மேல படாது. உள்ள வருவாங்க, செல்போன நீட்டுவாங்க, "இந்தப் போட்டோவுல இருக்கே, அது." சன்னலோரமா போர்வை போத்திக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருப்பாரே, அந்த நாற்காலி.

உக்காருங்கம்மா. ஐயோ, அதுல வேணாம்! அதுக்கு பிரேக் கிடையாது. போன வாரம் தபால்காரர் அதுல உக்காந்தாரு. உக்காந்த வேகத்துல பின்னாலயே போயி, அந்த மூலையில ஊன்றுகோலெல்லாம் சாத்தி வச்சிருக்கோம்ல, அதுல மோதித்தான் நின்னாரு. இப்ப வாசல்ல நின்னே கையெழுத்து வாங்கிக்கிறாரு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

யாருக்கும்மா நாற்காலி? ... வீட்டுக்காரருக்கா. என்ன வேலை செய்யிறாரு? ... பெயிண்டரா. சாரத்துலேர்ந்தா விழுந்தாரு? ... அடக் கடவுளே. ... சரி, சரி. தண்ணி குடிங்க. டாக்டர் சொன்னத அப்புறம் சொல்லுங்க, இப்பவே வேணாம். முதல்ல உங்க வீட்டுக் கதவு எவ்வளவு அகலம்னு சொல்லுங்க.

என்னது இது, நூலு? ... முடிச்சுப் போட்டு அளந்துட்டே வந்திருக்கீங்களா! குடுங்க, குடுங்க. ரெண்டு முடிச்சு எதுக்கு? ... இது ரூம் கதவு, இது குளியலறை கதவு. அடி சமத்தே! இங்க வந்ததுல ஒரு ஆளுகூட அளந்துட்டு வந்ததில்லம்மா. நெட்டுல எங்க பேஜ்ல கொட்ட எழுத்துல போட்டிருக்கேன், "வீட்டுக் கதவை அளந்து வாருங்கள்"னு. அது மட்டும் ஒருத்தர் கண்ணுலயும் படாது. எடுத்துட்டுப் போவாங்க. சாயங்காலமே போன் வரும். "மேடம், நாற்காலி நல்லாத்தான் இருக்கு, குளியலறைக்குள்ள போகல." நாற்காலியத் திட்டுவாங்க. கதவத் திட்டுவாங்க. கடைசியா என்னையத் திட்டுவாங்க.

பைசா கிடையாதும்மா, பயப்படாதீங்க. இரவல்தான். வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும், அவ்வளவுதான். எங்க மாமியார் படுத்திருந்தப்ப வாங்குன சாமானெல்லாம் அவங்க போனப்புறம் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. பக்கத்து வீட்டு நர்ஸம்மா ரிட்டயர் ஆகி சும்மா இருந்தாங்க. ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்சோம். இது எங்க கார் நிறுத்துற இடம். காரு தெருவுக்குப் போயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. அவரு எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அதுதான் வினையே. அத அப்புறம் சொல்றேன்.

ஆரம்பிச்சோமா... ஒரு ஈ காக்கா வரல. எங்க பொண்ணுதான், "அம்மா, பேஜ் ஒண்ணு தொறந்து போஸ்ட் போடு, ஊரே வரும்"னா. தொறந்தேன். நானோ காலேஜுல இலக்கியம் படிச்சவ. அந்தத் திமிரு லேசுல போகுமா? "ஊன்றுகோல்கள் உறங்குகின்றன, உங்கள் உள்ளங்கைக்காக"ன்னு எழுதிப் போட்டேன். மோனையெல்லாம் பாத்துப் பாத்து வச்சேம்மா! மூணு பேரு பாத்தாங்க. ஒண்ணு நானு. ஒண்ணு நர்ஸம்மா. மூணாவது யாருன்னு ஆசையாப் போய்ப் பாத்தா, முடி கொட்டாம இருக்க எண்ண விக்கிறவரு.

எம் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா. "தடிக்கெல்லாம் யாரும்மா லைக் போடுவா? முகம் வேணும்மா, முகம்!" முகத்துக்கு எங்க போவேன்? நம்ம வீட்டுலயே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்குப் பொறந்ததுலேர்ந்தே சோக முகம். கல்யாண போட்டோவப் பாத்தீங்கன்னா ஜாமீன் கெடைக்காத மாதிரி நிப்பாரு. சாப்பாடு ஆயிடுச்சான்னு யோசிச்சாக்கூட, யாரையோ பறிகொடுத்த மாதிரி இருக்கும். சன்னலோரம் நாற்காலியப் போட்டு உக்கார வச்சேன். மடியில ஒரு போர்வையப் போட்டேன். சாயங்கால வெளிச்சம் கன்னத்துல விழுது... நானே ஒரு நிமிஷம் கலங்கிப் போயிட்டேன். கீழ எழுதுனேன். "ஒரு நாற்காலி. காத்திருக்கும் ஒரு சன்னல்." நல்லா இருக்குல்ல? எனக்கும் அப்ப நல்லாத்தான் இருந்துச்சு.

காலையில பாத்தா போனு கொதிக்குது. "ஐயா விரைவில் எழுந்து நடப்பார்." "அந்தப் போர்வையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்." ஒருத்தர் ஷேர் பண்ண, அவருகிட்டேர்ந்து இன்னொருத்தர்... நானு என்ன செஞ்சேன்? கை கூப்புற பொம்மை ஒண்ணு இருக்குல்ல, அதப் போட்டேன். ஒவ்வொருத்தருக்கும். பதில் போடாட்டி மரியாதை இல்லியே!

அப்புறம் சாமானா வந்து குவிஞ்சுது. நாற்காலி, கட்டிலு, வாக்கரு. ஒரு புண்ணியவான் பல் டாக்டர் நாற்காலிய அனுப்பி வச்சாரு. இதுவும் சாயுமேங்குறாரு. ஆனா கேக்குறவங்களும் வந்தாங்கம்மா, பொய் சொல்லக் கூடாது. ஒரு பஸ் கண்டக்டரோட அம்மா. படுக்கையே கதின்னு கெடந்தவங்கள நம்ம மடிக்கிற நாற்காலி ஒண்ணுல வச்சு வாசலுக்குக் கொண்டாந்திருக்காங்க. "எதிர்வீட்டு மரம் இவ்வளவு ஒசரமாயிடுச்சா"ன்னு கேட்டாங்களாம். அவரு வந்து சொல்லிட்டு, இதே ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு. அதக் கேட்டப்புறம் நான் எப்படிம்மா வாயத் தொறப்பேன்?

எதுக்கு வாயத் தொறக்கணுமா? ... ம். அதுக்குத்தான் வர்றேன், வர்றேன்.

அப்புறம் அவரு வாக்கர் புடிச்சு நிக்கிற மாதிரி ஒரு போட்டோ போட்டேன். கொஞ்ச நாள் விட்டு ஊன்றுகோலோட ஒண்ணு. அதுக்கு வந்த வாழ்த்து இருக்கே, என் கல்யாணத்துக்குக்கூட அத்தன பேரு வாழ்த்தலம்மா. அன்னிலேர்ந்து புடிச்ச சனியன்தான் இது. "மேடம், ஐயா உக்காந்து எழுந்து நடந்தாரே, அந்த நாற்காலி குடுங்க." வேற எதக் காட்டுனாலும் மூஞ்சி சுருங்கிப் போகுது. ஒரு தையக்காரரு அந்தச் சக்கரத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போனாரு. ஒரு வாத்தியாரம்மா, "நாற்காலிக்கு ஏதாவது எண்ண போடுறீங்களா"ன்னு கேக்குறாங்க. போடுறேன், கிறீச் கிறீச்னு சத்தம் வருதேன்னு போடுறேன்!

என்ன, மேல சத்தமா? ... அது ஒண்ணுமில்ல. அவருதான். நடக்குறாரு. காலையிலேர்ந்து ரூமுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துக்கிட்டே இருக்காரு.

ஐயோ, அப்படிப் பாக்காதீங்கம்மா. கண்ண அவ்வளவு பெருசா வச்சுக்கிட்டு... வேணாம். சரி, டாக்டர் என்ன சொன்னாரு? ... முதுகெலும்பா. ... அப்படியேவா சொன்னாரு? இனிமே நடக்கவே... ம். அவரு சொன்னத நம்பலியா? ஏன் நம்பல? ... இந்தப் போட்டோவப் பாத்தப்புறம் நம்பலியா.

பெயிண்டரும் பாத்தாரா? ... தெனமும் பாக்குறாரா.

... ஒரு நிமிஷம் இருங்க. தண்ணி எனக்கும் வேணும்.

அம்மா. அந்தப் போர்வை இருக்குல்ல, எல்லாரும் பாத்து அழுதது... அது எதுக்குப் போட்டேன் தெரியுமா? கீழ அவரு அரை டிரவுசர் போட்டிருந்தாரு. ஷட்டில் ஆடப் போறப்ப போடுறது. கெளம்பிக்கிட்டிருந்த மனுசன, "ஒரே ஒரு போட்டோங்க"ன்னு புடிச்சு உக்கார வச்சேன். படம் புடிச்சு முடிச்சதும் மட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுனாரு. ஓடுனாரும்மா. நேரமாச்சுன்னு.

அவருக்குக் கால்ல ஒண்ணுமில்ல. எப்பவும் இல்ல.

வாயத் தொறந்து பொய் சொல்லல நானு. அதுதான் இன்னும் கேவலம். கை கூப்பிக்கிட்டே இருந்தேன். திடீர்னு ஒரு நாள் எழுந்து நின்னா கேள்வி வருமேன்னு, வாக்கரு, ஊன்றுகோலுன்னு கொஞ்சம் கொஞ்சமா எழுப்பிவிட்டேன். நல்லா இருந்த மனுசனத் தவணை முறையில குணப்படுத்துன ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

அவரு முதல்ல சொகமாத்தான் இருந்தாரு. கடைக்குப் போகச் சொன்னா, "நான்தான் நடக்க முடியாதவனாச்சே"ம்பாரு. அப்புறம் தெருவுல எறங்க முடியல. கூட ஷட்டில் ஆடுறவங்க வந்து, "எப்ப விழுந்தீங்க, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா"ன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. அவரு என்னையப் பாக்குறாரு. நான் சுவத்தப் பாக்குறேன். இப்ப அவரு எடத்துல ஒரு பேங்க் மேனேஜர சேத்துக்கிட்டாங்களாம். சாயங்காலமானா சன்னல்கிட்ட நின்னு அவங்க போறதப் பாக்குறாரு. நான் எழுதுனது பலிச்சிடுச்சு பாருங்க. எழுத்துல அப்படி ஒரு சக்தி எனக்கு!

எங்க நாத்தனார் கதையக் கேளுங்க. "என் தம்பிக்குக் காலு போனது ஊரு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா"ன்னு அழுதுக்கிட்டே வண்டியேறி வந்தாங்க. அக்கா குரல் கேட்டதும் இவரு ரெண்டு ரெண்டு படியாத் தாவி எறங்கி வந்து பைய வாங்குறாரு. அழுகை நின்னுச்சான்னா, இல்ல, திட்டு ஆரம்பிச்சிடுச்சு. காலு இருக்கேன்னு சந்தோசப்படணுமா வேணாமா? "வழியெல்லாம் அழுதேனே, அந்த அழுகைய யாருடி திருப்பிக் குடுப்பா"ங்குறாங்க. நியாயந்தான்.

ஏம்மா! திட்டவாவது திட்டுங்க. நூலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே.

இங்க வாங்க. அந்த நூலக் குடுங்க. இதுதான் உங்க சன்னலோர நாற்காலி. புடிச்சுப் பாருங்க. உங்க ரூம் முடிச்சு இங்கயே நிக்குது, நாற்காலி அங்க வரைக்கும் போகுது. பாத்தீங்களா? யாரு வீட்டுக் கதவுக்கும் இது ஆகாது. போன எடமெல்லாம் வாசல்லயே நின்னு திரும்பி வந்துடுச்சு. போட்டோவுக்குத்தான் லாயக்கு, என்னைய மாதிரி. இப்ப அந்த நீலத்த அளப்போம், யாரும் சீண்டாம மூலையில நிக்குதே. இதோ... முடிச்சு உள்ள, நாற்காலி உள்ள. குளியலறைக்கு? ... அதுவும் போகும்! மெத்தையில மட்டும் ஒரு கிழிசல். தச்சுக்கலாம். எழுந்து நடக்க வைக்காதும்மா இது. குளியலறைக்குக் கொண்டு போகும். வாசலுக்குக் கொண்டு வரும். பெயிண்டரு வேற எந்த நாற்காலிக்காகவும் காத்திருக்க வேணாம்.

நீங்க போயி அவருகிட்ட என்ன சொல்லுவீங்க? ... இல்ல, நீங்க சொல்ல வேணாம். அத நானே சொல்லணும். பேஜ்லயே சொல்லிடுறேன், இன்னிக்கே. திட்டுவாங்க. சாமானெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. பல் நாற்காலிய முதல்ல எடுத்துட்டுப் போகச் சொல்றேன்.

இருங்க, டயர்ல காத்து கொறைவா இருக்கு. பம்பு உள்ள இருக்கு... எங்க வச்சேன்... இந்த நர்ஸம்மா ஒரு எடத்துல வச்சா வச்சது இருக்காது. ஏம்மா, எப்படி எழுதலாம்னு யோசிக்கிறேன். "மன்னிப்பு என்பது ஒரு மடித்த நாற்காலி"ன்னு... சீ, சீ. மறுபடியும் ஆரம்பிச்சிட்டேன் பாருங்க! புத்தி எங்க போகும்? கெடைச்சிடுச்சு, பம்பு கெடைச்சிடுச்சு. கொஞ்சம் சக்கரத்தப் புடிச்சுக்கிட்டீங்கன்னா...

அம்மா?

ஸ்டூலு காலியா இருக்கு. நீலத்தையும் காணோம். நூலு மட்டும் இந்த அகல நாற்காலி மேல கெடக்கு. சொல்லாமலே போயிட்டாங்களா? நாந்தான் எங்க சொல்ல விட்டேன்...

யாரது தெருவுல? ... என்னங்க! ஏங்க! எப்ப எறங்கி வந்தீங்க? அந்த டிரவுசரோடவா! கடைக்காரங்கெல்லாம் எட்டிப் பாக்குறாங்க, உள்ள வாங்க, யாராவது பாத்துட்டா...

ம்.

பாக்கட்டும்.

நீல நாற்காலியத் தள்ளிக்கிட்டு எப்படிப் போறாரு பாரு மனுசன். அந்தம்மாவுக்கு ஈடு குடுக்க முடியல, பின்னாலயே ஓடுது. எம் போன் எங்க... இதோ. கொஞ்சம் திரும்புங்களேங்க! முகம் வேணும், முகம்! ... காதுல விழுந்தாத்தானே. முனை வரைக்கும் போயிட்டாரு.

இருக்கட்டும். முகம் வரலன்னா என்ன, காலு தெரியுது. பேஜ்ல போட்டாச்சு. கீழ ஒண்ணும் எழுதல.