டார்ச்சில் அடைப்பு

மருந்தைக் கொஞ்சமாக அடித்தால் போதும் ஐயா. வெல்டிங்கில் தெறிக்கும் பொறி, வெல்டர் கையில் பிடிக்கும் டார்ச்சின் வாயில் ஒட்டாமலிருக்கத்தான் அந்த மருந்து. அளவுக்கு மீறி அடித்தால் பொறியோடு சேர்ந்து பிசினாகி, வெல்டிங்கில் காற்று படாமல் காக்கும் கேஸ் வரும் துளைகளை அடைத்துவிடும். கேஸ் குறைந்தால் வெல்டிங்கில் ஊசித்துளை விழும். இவ்வளவுதான் விஷயம்.

மருந்தடிக்கும் கருவியின் திருகைக் காலையில் நான் குறைத்து வைப்பேன். பத்து மணிக்குள் மச்சான் முழுக்கத் திறந்திருப்பார். என் மனைவியின் அண்ணன்; பட்டறையிலேயே நல்ல வெல்டர். பதினோரு வருஷமாக அவர் டார்ச்சைக் கழற்றிக் குத்திக் குத்தி என் விரல்களில் நகம் ஒழுங்காக இல்லை.

"மாப்ள, கேஸ் வரல. வாய வச்சு ஊதுறியா?" என்பார். பட்டறையே சிரிக்கும்.

"திருகைத் தொடாதீங்க மச்சான்."

"நீ ரிப்பேர் பாக்குறவன். எனக்கு வெல்டிங் சொல்லித் தராத."

வீட்டில் சொன்னால், "அண்ணன் தொழில் தெரிஞ்சவரு. நீங்கதான் சரியாப் பாக்கலியோ என்னமோ" என்பாள் மனைவி, தலை நிமிராமல்.

போன வாரம் ஒரு தொட்டியில் ஒன்பது ஊசித்துளை. மச்சான் என்னைக் கைகாட்டினார். இன்னொரு புகார் வந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு எங்கே போக?

நேற்றும் கேஸ் வரவில்லை என்றார். ஆள் உள்ளே இறங்கி வேலை செய்யும் ஆழமான தொட்டி. சாப்பாட்டு வேளையில் அதற்குள்ளேயே குளிர்ச்சியாகப் படுத்துத் தூங்குவார், எல்லாருக்கும் தெரியும்.

நான் அடைப்பை எடுத்தேன். எடுத்தபின் குழாய் சுத்தமாக, மெஷினில் சுவிட்சைப் போட்டுக் கேஸைச் சற்று ஓடவிட வேண்டும். டார்ச்சை வெளியே தூக்கி வைத்துத்தான் செய்வோம். நேற்று, தொட்டிக்குள் படுத்திருந்த அவர் தலைமாட்டிலேயே வைத்தேன். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். தொட்டியின் அடியில் தண்ணீர்போல் தேங்கி, மூச்சுவிடும் காற்றை வெளியே தள்ளிவிடும். வாசனை கிடையாது.

"இப்ப வருதா மச்சான்?"

"வருது, வருது. இன்னிக்குத்தான்டா உருப்படியா ஒரு வேல செஞ்சிருக்க" என்றார், கண்ணை மூடியபடி.

குழாய் சுத்தமாக ஐந்து நிமிடம் போதும். நான் சாப்பிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சிலிண்டரை மூடினேன். தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த டார்ச்சை யாரையாவது விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள் ஐயா. கேஸ் துளிகூடக் குறையாது. என் வேலையில் குறையில்லை என்று என் மனைவியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.