மூன்றாம் பாகம் வரும்வரை

'ஆழிக்கோட்டை' மூன்றாம் பாகம் ஊர் சொல்கிற அளவுக்கு மோசமான படம் இல்லை, சார்ஜன்ட். இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் இழுவைதான். கடைசியில் அரசி கோட்டையைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆறு வருடம் காத்திருந்தது இதற்கா என்று ரசிகர்கள் ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்தது. கையில் இருந்ததை விடுவது என்றால் அப்படித்தான், ஆர்ப்பாட்டம் இல்லாமல் விடவேண்டும்.

நீங்கள் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது தெரியும். ஆனால் படத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பம் வைக்கச் சொன்னீர்கள். வாசிக்க முடியாத தாளில் ஒப்பம் வைக்காதீர்கள் என்று இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிவருகிறவள் நான். ஆகவே தமிழில் நானே எழுதித் தருகிறேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

பெயர் பிறிஜெற் சவுந்தரநாயகம். வயது நாற்பத்து மூன்று. வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில். வேலை வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷனில். போட்டோக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, விசாப் படிவம் என்று எல்லாம் செய்வோம். வருகிற அம்மாமார் பலருக்கு மின்னஞ்சல் கிடையாது. இருந்தாலும் பாஸ்வேட் ஞாபகம் இராது. "பிள்ளை, உங்கட கடை அட்ரஸையே போடுங்கோ" என்பார்கள். போடுவேன். கடிதம் வந்ததும் ஃபோன் பண்ணிச் சொல்வேன். சொன்னதும் சிலர் கடைக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், நானே விசா கொடுத்த மாதிரி. இப்படி எத்தனை பேரை அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. காலையில் ஏழு மணி பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய், மற்றவர்கள் போவதற்கான வேலையைச் செய்துவிட்டு, பின்னேரம் அதே பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்புவேன். யாருடைய கடிதத்தையும் நான் ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்ததில்லை. ஒருத்தியுடையதைத் தவிர.

டோரின் என் தங்கச்சி. எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அம்மா சாகும்போது அவளுக்கு ஒன்பது வயது. எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் அதோடு நின்றன. அதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

முதலாம் பாகம் வந்தபோது இருவரும் வெள்ளவத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜெனிஸ்டனின் ஓட்டோவில் திரும்பினோம். காலி வீதியில் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று நெடுக டோரின் அழுதுகொண்டு வந்தாள். படகோட்டி செத்ததற்கு. விளையாட்டாக வீடியோ எடுத்து யூரியூப்பில் போட்டேன். மூன்று நாளில் எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் சனல். இரண்டாம் பாகத்துக்கும் அதே ஓட்டோ, அதே இருக்கை. எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. தியேட்டருக்குள் போகுமுன் ஃபோன்களை நிறுத்தவேண்டும். ஓட்டோவில் கமராவைப் பொருத்திய பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும், ஃபோனையும் திறக்கவேண்டும். புறக்கோட்டையில் சாமான் வாங்கப் போனால் பெடியள் அவளைக் காட்டி "ஓட்டோத் தங்கச்சி" என்பார்கள். அவள் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொள்வாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கிளின்ரன், கனடா. நல்ல பையன். அதுதான் தொந்தரவு. தாலி கட்டி மூன்று கிழமை நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். ஸ்பொன்சர் படிவத்தை நான்தான் நிரப்பினேன். என்னைவிடத் திறமாக யாரும் நிரப்பியிருக்க முடியாது. மின்னஞ்சல் என்ற இடத்தில் நான் நிறுத்தினேன். அவளே சொன்னாள், "அக்கா, உங்கட கடை அட்ரஸைப் போடுங்கோ. என்ர எண்டா நான் பாக்க மறந்துபோடுவன்." இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடம் காத்திருந்தாள். பாலர் பாடசாலை வேலையை விடச் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் கடிதம் வரலாம், பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டுப் போவது சரியில்லை. கட்டிலுக்கு அருகில் இரண்டு சூட்கேஸ் கட்டி வைத்திருந்தாள். உடுக்கிற சட்டையை அதிலிருந்து எடுத்து, தோய்த்துக் காயவைத்து, மறுபடி அதற்குள்ளேயே மடித்து வைப்பாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான். பகல் முழுக்க அவள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று ஜெனிஸ்டனின் மனைவி சொன்னாள். கடவுச்சீட்டு வீட்டில் கிடந்தால் கரப்பான் அரிக்கும் என்று அதைக் கடையில் என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

விசா சரி, முத்திரை குத்தக் கடவுச்சீட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது மார்ச் பன்னிரண்டாம் திகதி, காலை பத்தரைக்கு. முப்பது நாள் தவணை. மூன்றாம் பாகம் ஏப்ரல் பதினான்கில் வருவதாக இருந்தது. கணக்குப் பாருங்கள், மூன்று நாள்தான் இடிக்கிறது. மூன்று நாளுக்காக ஆறு வருடக் காத்திருப்பை யாராவது குழப்புவார்களா? கடவுச்சீட்டு தொலைந்துவிட்டது, புதிதாக எடுக்கிறேன், அவகாசம் தாருங்கள் என்று டோரின் பெயரில் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. மேலும் அறுபது நாள் கொடுத்தார்கள்.

அந்தக் கிழமையே படத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கிராபிக்ஸ் முடியவில்லையாம், இனி ஓகஸ்ட்தான். ரசிகர்கள் சண்டைக்குப் போனார்கள். டோரின் மட்டும் சிரித்தாள். "நான் போறதுக்கு முன்னம் வந்தாச் சரி" என்றாள். பாருங்கள், அவளுடைய விருப்பமும் அதுதான்.

ஒவ்வொரு நாளும் நான் செருப்பைக் கழற்றுமுன் கேட்பாள், "இண்டைக்கு ஏதும் வந்ததோ அக்கா?"

"இன்னும் இல்லையடி."

மே மாதத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் உள்ளே வரும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் நடுவில் தவணை முடிகிற நேரம். கடிதத்தை அவளிடம் கொடுத்தால் ஜூலையில் போய்விடுவாள். பேசாமல் விட்டால் கோப்பு இழுபட்டுக்கொண்டு கிடக்கும், நாளைக்குக் கேள்வி வரும். எதையும் அரைகுறையாக விடுவது என் வழக்கம் இல்லை. ஆகவே மூன்று வரி எழுதினேன். இந்தத் திருமணத்தைத் தொடர எனக்கு விருப்பமில்லை, விண்ணப்பத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று. கீழே டோரினின் ஒப்பம் போட்டேன். அவளுக்கு ஒப்பம் வைக்கப் பழக்கியதே நான்தான். ஐந்தாம் வகுப்பில், கட்டம் போட்ட கொப்பியில்.

ஸ்பொன்சர் என்பதால் கிளின்ரனுக்குத் தகவல் போனது. முதலில் எனக்குத்தான் எடுத்தார். பெரியவர்களைக் கேட்காமல் எதையும் செய்யாத பிள்ளை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. டோரினுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?"

"தம்பி, அவள் உங்களோட கதைக்க வெக்கப்படுறாள். என்னைத்தான் சொல்லச் சொன்னவள். இப்ப ஒண்டும் கேட்டு அவளைக் குழப்பாதேங்கோ."

அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் எடுத்த ஃபோன் கிழமைக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் இரண்டு நிமிடமானது. ஏன் இப்படி என்று டோரின் கேட்டதற்கு, "அக்காட்ட கேளும்" என்றாராம். அவள் என்னிடம் கேட்டாள். வேலைக் களைப்பு என்றேன். இரண்டு பேரும் என்னிடம்தான் கேட்டார்கள். அந்த அளவுக்கு என்னை நம்பினார்கள் என்பதையும் நீங்கள் எழுதவேண்டும்.

ஜூலைக்குப் பிறகு டோரின் எதற்கும் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. புதிய ட்ரெய்லர் வந்தபோது சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இரண்டு லட்சம் பேர் ஓட்டோத் தங்கச்சிக்காகக் காத்திருந்தார்கள். படத்தில் அரசி போய்விட்டால் ஓட்டோத் தங்கச்சி தாங்கமாட்டாள் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கிளின்ரன் கடைசியாக எடுத்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துக்கொள்வோம், வாட்ஸ்அப்பில் எழுதப்போகிறேன் என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது. "சனிக்கிழமை எங்கட நேரம் ரெண்டு மணிக்கு அனுப்புங்கோ தம்பி. அப்ப நான் அவளுக்குப் பக்கத்தில இருப்பன்" என்றேன். அங்கே அது விடியப்புறம், அவர் இரவு வேலை முடிக்கிற நேரம். நன்றி அக்கா என்று சொல்லித்தான் ஃபோனை வைத்தார்.

படம் ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. கமராவைப் பொருத்தினேன். நான் முடிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். பம்பலப்பிட்டியில் டோரின் ஃபோனைத் திறந்து வாசித்தாள். சத்தம் வரவில்லை. முதலில் வாய் மட்டும் திறந்தது. பிறகு அழத் தொடங்கினாள். கொள்ளுப்பிட்டி, கோட்டை, புறக்கோட்டை, எங்கும் நிறுத்தவில்லை. ஜெனிஸ்டன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா, கமராவை நிப்பாட்டுங்கோ, பிள்ளைக்கு ஏதோ நடந்திட்டுது" என்றான். படம்தான் அவளுக்குத் தாங்கவில்லை என்று நான் கமராவைப் பார்த்துச் சொன்னேன்.

நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். "படம் தோத்தாலும் தங்கச்சி ஜெயிச்சிட்டா" என்று ஒருவர். "இவள் அழுகிற அளவுக்கு இந்தப் படத்தில் ஒன்றும் இல்லையே, இவள்தான் உண்மையான ரசிகை" என்று இன்னொருவர். படத்தை நார்நாராகக் கிழித்தவர்கள்கூட எங்கள் வீடியோவின் கீழே வந்து சமாதானமானார்கள். எல்லாக் கொமன்டையும் நான் டோரினுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கட்டிலில் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஷிம்னா என்று மாளிகாவத்தையில் ஒரு பெண். ஒரு ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூலையில் தெரிகிற நிழல் யாருடையது என்று ஒரு மணி நேரம் பேசுகிற வகை. அவள் ஐந்தாம் நாள் எழுதினாள்: "வீடியோவில 4:12இல அக்கா கண் துடைக்கிற லேஞ்சியை எடுத்துக் கையில வைக்கிறா. 4:31இலதான் தங்கச்சி ஃபோனைத் திறக்கிறா. அழப்போறது அக்காவுக்கு எப்படி முன்னமே தெரியும்?"

அதை அழித்தேன். அதற்குள் வேறு பத்துப் பேர் அதையே எழுதிவிட்டார்கள். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். மூன்று தடவை பார்க்கிறேனாம். கோட்டையின் ரகசியக் கதவை ஆறு வருடமாகத் தேடியவர்கள், படம் ஏமாற்றியதும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். லேஞ்சி என் பிழை. அவள் அழும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று எடுத்து வைத்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

டோரின் எப்போது அதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை நான் ஒரு முத்திரைக்காகச் சட்டத்தரணியிடம் போயிருந்த நேரம் கடைக்கு வந்திருக்கிறாள். என் தங்கச்சி என்பதால் முதலாளி என் கதிரையில் இருக்க விட்டிருக்கிறார். பாஸ்வேட் அவளுடைய பிறந்த திகதி. அனுப்பிய கடிதங்கள் எதையும் நான் அழித்திருக்கவில்லை. பதினொரு பக்கம் பிரின்ட் எடுத்திருக்கிறாள். லாச்சியைத் திறக்கச் சொல்லிக் கடவுச்சீட்டையும் வாங்கியிருக்கிறாள்.

பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்றாள். கையில் ஒரு சூட்கேஸ் மட்டும் இருந்தது.

"அக்கா, மார்ச்சிலயே வந்திட்டுதா?"

"ஓம்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு எதையாவது எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மீன் குழம்பு காலையிலேயே வைத்திருந்தேன். இறங்கி நடந்தாள். தெரு முனையில் நின்ற ஓட்டோவில் ஏறினாள். ஜெனிஸ்டனின் ஓட்டோதான். அவனும் எனக்குச் சொல்லவில்லை.

இவ்வளவும் உண்மை. ஒப்பத்தைப் போட்டது நான். இரண்டு கடிதங்களையும் எழுதியது நான். கிளின்ரனுக்குப் பொய் சொன்னதும், அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்ததும் நான். நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையே சொல்வேன், உங்களுக்குக் கஷ்டம் தரமாட்டேன். கனடா விசாக் கந்தோர் கோப்பைத் திரும்பத் திறக்குமா, கிளின்ரன் இனி அவளை நம்புவாரா என்று நீங்கள் கேட்டீர்கள். படிவம் நிரப்புகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கஷ்டம்தான். ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டும். யாராவது நன்றாக நிரப்பத் தெரிந்தவர்கள் வேண்டும். அவள் விரும்பினால் நானே செய்து கொடுப்பேன்.

முறைப்பாட்டில் அவள் நட்டஈடு எதுவும் கேட்கவில்லை, அந்த வீடியோவை மட்டும் அழிக்கச் சொல்கிறாள் என்று சொன்னீர்கள். மற்ற எதற்கும் சம்மதம். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது, சார்ஜன்ட். புருஷன் விட்டுவிட்டான் என்று தெரிந்த அந்த நிமிடத்தில் அவள் யாருடைய தோளில் சாய்ந்தாள் என்று அதில் தெளிவாகத் தெரிகிறது.